எல்லையோர ஊரில் வீடு வீடாக பிரஷர் கணக்கெடுப்பு: கேள்வி எழுதுவது முதல் முடிவைத் திருப்பிச் சொல்வது வரை

நர்சிங், சமூகப்பணி, பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள் முதல்முறை ஊருக்குள் இறங்கும்போது கையில் வைத்திருக்க வேண்டிய வழிகாட்டி இது. பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தை, அதாவது கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் பக்கத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், சந்தைக்கும் டாக்டருக்கும் பொள்ளாச்சி என்று வாழும் ஊர்கள். பாறசாலை, ஆரியங்காவு, குமுளி பக்கம் வேலை செய்பவர்களுக்கும் சில்லறை மாற்றங்களோடு பொருந்தும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மெஷினை வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையில் மெஷின் ஆறாவது படியில்தான் வருகிறது. முதல் ஐந்து படிகளில் விட்ட ஓட்டையை எவ்வளவு நல்ல மெஷின் வந்தாலும் அடைக்க முடியாது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதி, வெற்று அட்டவணை போடுங்கள்

"மக்களின் ஆரோக்கியத்தை ஆராய்வது" என்பது கேள்வி அல்ல. "இந்தப் பஞ்சாயத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களில் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் உயர்ந்திருக்கிறது, அதில் எத்தனை பேருக்கு அது தெரியும், எத்தனை பேர் மாத்திரை எடுக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது" என்பது கேள்வி.

எழுதியதும், கடைசி அறிக்கையில் வரப்போகும் அட்டவணைகளை எண் இல்லாமல் கட்டம் மட்டும் போட்டு வரையுங்கள். எந்தக் கட்டத்திலும் போய்ச் சேராத கேள்வியைக் கேள்வித்தாளிலிருந்து எடுத்துவிடலாம். புதியவர்களின் கேள்வித்தாள் பத்துப் பக்கம் நீளுவதற்குக் காரணம், இந்தக் கட்டம் போடும் வேலையைக் கடைசிக்குத் தள்ளுவதுதான்.

கிழமையும் மாதமும் இங்கேயே முடிவாக வேண்டும். வெயில் காலத்தில் ரத்த அழுத்தம் பொதுவாகச் சற்று இறங்கும், குளிர் காலத்தில் ஏறும். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் ஒருமுறை அளந்துவிட்டு, விழிப்புணர்வு வகுப்பு நடத்தி, டிசம்பரில் மறுபடி அளந்தால் வகுப்பினால் பிரஷர் கூடிவிட்டதுபோலத் தெரியும். முன்னும் பின்னும் ஒப்பிடுவதானால் இரண்டும் ஒரே பருவத்தில் நடக்க வேண்டும்.

2. 180 வந்தால் என்ன செய்வது என்று இப்போதே எழுதி வையுங்கள்

இதை இரண்டாவது படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அளக்கப் போனால் மிக உயர்ந்த அளவு உள்ள ஒருவராவது கட்டாயம் வருவார். அந்தத் திண்ணையில் நின்றுகொண்டு யோசிக்க நேரம் இருக்காது. அனுப்ப இடம் இல்லாமல் அளப்பது நியாயமும் அல்ல.

ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அலுவலரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் முறையை எழுதி வாங்குங்கள். ஒரு மாதிரி: மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 110-ஐத் தொட்டால், ஓய்வு கொடுத்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் அதே நிலை என்றால் அறிகுறி கேட்க வேண்டும்: நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கை கால் ஒரு பக்கம் செயலிழப்பு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், கடும் தலைவலி. இதில் ஒன்று இருந்தாலும் 108. ஒன்றும் இல்லையென்றால் பதற வேண்டாம், அன்றோ மறுநாளோ டாக்டர் பார்த்தாக வேண்டும். 160/100-க்கு மேல் என்றால் ஒரு வாரத்துக்குள், 140/90-க்கு மேல் என்றால் ஒரு மாதத்துக்குள் சுகாதார நிலையத்தில் மறுபரிசோதனை. கர்ப்பிணிக்கு 140/90 வந்தாலே அன்றே காட்ட வேண்டும், அவர் உங்கள் கணக்கில் இல்லாதவராக இருந்தாலும்.

எல்லைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கிறதோ, 108 அழைப்பு அந்தப் பக்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடலாம். ஆகவே எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், பஞ்சாயத்து, பக்கத்து பஸ் ஸ்டாப் என்று இந்த வரிசையில் சொல்லப் பழக்குங்கள். நோயாளியின் பெயரில் தொடங்கினால் நேரம் போகும்.

செய்யக் கூடாதது ஒன்று: பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கொடுப்பதற்கோ, நாக்குக்கு அடியில் எதையாவது வைப்பதற்கோ துணை போகாதீர்கள். அழுத்தம் திடீரென்று சரிந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும்.

3. அனுமதி: வரிசை தப்பினால் நாள் போகும்

தெரிந்த வார்டு மெம்பரிடம் முதலில் போவது எல்லோரும் செய்வது. அவர் நல்ல மனதோடு "வாங்க, ஆரம்பிக்கலாம்" என்பார். அப்புறம் மேலே கேள்வி வரும்போது அவரும் தர்மசங்கடப்படுவார்.

கல்லூரியின் அறநெறிக் குழுவும் மாவட்ட மருத்துவ அலுவலகமும் முதலில். அறநெறிக் குழு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலை வைத்துத்தான் பார்க்கும், அதனால் ஒப்புதல் படிவத்தை அதன்படியே எழுதுங்கள். பிறகு மருத்துவ அலுவலர், பஞ்சாயத்துத் தலைவர், கடைசியில் வார்டு மெம்பரும் ஆஷா பணியாளரும் (வீடு வீடாகப் போகும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்). கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருப்பதால் தலைவரைத் தவிர்த்துப் போக முடியாது. எல்லையின் இரண்டு பக்கமும் எடுப்பதென்றால் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையிடம் தனியாக வாங்க வேண்டும், ஒரு மாநிலக் கடிதம் மறு மாநிலத்தில் செல்லாது.

தேர்தல் நேரத்தில் போகாதீர்கள். கையில் பட்டியலோடு வீடு வீடாகப் போகிறவரை எந்தக் கட்சி என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஆஷா பணியாளர் வழி காட்டட்டும், அறிமுகம் செய்யட்டும். பேட்டியின்போது பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று முன்பே அன்பாகச் சொல்லிவிடுங்கள். அவர் கொண்டுவந்து கொடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் அலமாரியில் வைத்திருப்பவர், அவர் முன்னால் அதைச் சொல்லமாட்டார். எந்த வீட்டுக்குப் போவது என்பதையும் அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவர் நல்லெண்ணத்தோடு கூட்டிப்போகும் வீடுகள் ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும் வீடுகள்.

4. யார் இந்த ஊர்க்காரர், எத்தனை பேர், எந்த வீடு

ரேஷன் கார்டு கேரளத்தில், ஆதார் முகவரி கோவை மாவட்டத்தில், வேலை வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம். இப்படிப்பட்ட ஆளைச் சேர்ப்பதா விடுவதா? விதியை முன்பே எழுதுங்கள்: கடந்த ஆறு மாதமாக இந்த வீட்டில் பெரும்பாலான இரவு தூங்குபவர் இந்த வீட்டுக்காரர். கார்டு எங்கே இருந்தாலும் கவலை இல்லை. இந்த விதி இல்லாவிட்டால் ஒவ்வொரு மாணவரும் தனக்குத் தோன்றியபடி முடிவெடுப்பார்.

எண்ணிக்கைக்கு 4pq/d² என்ற பழைய சூத்திரம் போதும்: p என்பது நோய் இருக்கும் என்று எதிர்பார்க்கும் விழுக்காடு, q மீதி, d ஏற்கும் பிழை. நூற்றுக்கு 30 பேருக்கு இருக்கும் என்று எதிர்பார்த்து, முன்பின் 5 விழுக்காடு பிழையை ஏற்றால் 4 × 30 × 70 ÷ 25 = 336. ஊரைக் கூறு கூறாகப் பிரித்து எடுப்பதால் ஒரே கூறில் உள்ளவர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள், அதற்காக 1.5 மடங்கு: 504. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் அல்லது மறுப்பார் என்று 0.9-ஆல் வகுத்தால் 560. எல்லையோரத்தில் அந்தப் பத்தில் ஒன்றைக் குறைத்துவிடாதீர்கள்.

கூறுகளுக்கு வாக்குச்சாவடிப் பகுதி வசதியானது. சிறியது, எல்லை தெளிவு, பட்டியல் தயார். திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை தாலுகாவில் நடந்து 2018-ல் முடிவு வெளியான கேரள நீரிழிவுத் தடுப்பு ஆய்வும் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைக் கூறுகளாக வைத்து 1,007 பேரைச் சேர்த்தது. ஆனால் வாக்காளர் பட்டியலை ஆள் தேர்வுக்கு அப்படியே எடுக்காதீர்கள். கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் இன்னும் பிறந்த ஊரில் இருக்கும், திருப்பூருக்குப் போன பையனின் பெயர் இங்கே இருக்கும். பகுதியை அதிலிருந்து எடுங்கள், வீட்டை நீங்களே நடந்து எண்ணிப் பட்டியலிடுங்கள்.

தேர்ந்த பகுதிகளில் மொத்தம் 2,240 வீடு என்றால் நாலுக்கு ஒன்று. 1 முதல் 4-க்குள் ஒரு சீட்டு எடுத்து அங்கிருந்து தொடங்குங்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு என்று மாற்றினால் பகலில் வீட்டில் இருப்பவர்களின் கணக்கெடுப்பாக அது மாறிவிடும்.

வீட்டுக்குள் ஒருவரை எடுக்க "அடுத்த பிறந்தநாள் யாருக்கு" என்று கேட்கும் முறை புத்தகத்தில் இருக்கிறது. பெரியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி கார்டில் மட்டும்தான். அதற்குப் பதிலாக 30 வயது கடந்தவர்களை வயது வாரியாக எழுதி, சீட்டு எடுங்கள். அந்த வீட்டில் தகுதியானவர்கள் எத்தனை பேர் என்பதையும் குறியுங்கள், பெரிய வீட்டில் ஒருவருக்குச் சீட்டு விழும் வாய்ப்பு குறைவு, அதைக் கடைசிக் கணக்கில் சரிக்கட்ட (எடை போட) அது வேண்டும்.

5. கேள்வித்தாள்: மூன்று கேள்விகளில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்

பெயர், வயது, தொழில் எல்லாம் யாரும் சரியாகக் கேட்டுவிடுவார்கள். கவனம் வேண்டியது மாத்திரை, உப்பு, குடி.

மாத்திரை: "உங்களுக்கு பிரஷர் இருக்கா?" என்றால், அஞ்சு வருஷமாக மாத்திரை சாப்பிடுபவர் "இல்லீங்க, இப்ப நார்மல்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. போன மாதம் அளந்தபோது நார்மல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மாணவர் "இல்லை" என்று டிக் செய்துவிட்டு நகர்ந்தால், கட்டுக்குள் இருக்கும் ஒரு நோயாளி உங்கள் கணக்கில் நோயே இல்லாதவர் ஆகிவிடுகிறார். கேள்வியை இப்படி உடையுங்கள்: எப்போதாவது டாக்டரோ நர்ஸோ பிரஷர் இருக்கிறது என்று சொன்னார்களா? கடந்த இரண்டு வாரத்தில் அதற்கு மாத்திரை எடுத்தீர்களா? பிறகு, "மாத்திரை டப்பாவைக் கொஞ்சம் கொண்டு வர முடியுமா?"

டப்பாவைத் திறக்கும்போதுதான் எல்லைக் கதை தெரியும். சுகாதார நிலையத்தில் இலவசமாக வாங்கிய அம்லோடிபின் ஒரு பட்டை, பொள்ளாச்சியில் தனியார் டாக்டர் எழுதிய வேறு பெயர் மாத்திரை ஒரு பட்டை. திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே மருந்து. இரண்டு டாக்டருக்கும் மற்றவர் எழுதியது தெரியாது. பட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் போனில் படம் எடுத்து, அன்றே மருத்துவ அலுவலருக்குத் தெரிவியுங்கள். நிறுத்தச் சொல்லும் வேலை உங்களுடையது அல்ல.

உப்பு: "உப்பு அதிகமாகச் சேர்ப்பீர்களா?" என்றால் "அளவாத்தான்" என்று பதில் வரும், எல்லா வீட்டிலும். ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வரும், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். நாலு பேருக்கு 25 நாள் என்றால் ஆளுக்கு ஒரு நாள் 10 கிராம். பெரியவர்களுக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

இந்தக் கணக்கு எங்கே தவறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பக்கம் மாடு வைத்திருக்கும் வீடு அதிகம். தவிட்டுத் தண்ணியில் போடும் கல் உப்பும் அதே டப்பாவிலிருந்துதான் போகும். மீன் கழுவவும், மாங்காய் ஊறப் போடவும் போகும். ஆகவே "மாட்டுக்கு இதே உப்பா?" என்று ஒரு கேள்வி கூடுதலாக வையுங்கள். மறுபுறம் கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், பேக்கரி மிக்சர் வழியாக வரும் உப்பு பாக்கெட் கணக்கில் வராது. அவற்றைத் தனித்தனியாக, வாரத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள். இது தோராயம்தான், துல்லியம் வேண்டுமானால் 24 மணி நேரச் சிறுநீர் சேகரிக்க வேண்டும், மாணவர் ஆய்வில் அதை ஆரம்பிக்காதீர்கள்.

குடி: சித்தூர் பக்கம் தென்னந்தோப்புகளில் கள் இறக்குவது தொழில், கேரளத்தில் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. அதனால் அந்தப் பக்கத்து ஆட்களும் இந்தப் பக்கம் வந்து குடிப்பார்கள். மது பற்றிப் பொதுவாகக் கேட்டால் கள் மட்டும் குடிப்பவர் இல்லை என்றுவிடுவார். கள், பீர், பிராந்தி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, கடந்த 30 நாளில் எத்தனை நாள் என்று கேளுங்கள். மனைவி, மருமகள் இல்லாத இடத்தில்.

தமிழ்ப் படிவம் ஒன்று, மலையாளப் படிவம் ஒன்று கட்டாயம். வீட்டில் தமிழ் பேசினாலும் மலையாளப் பள்ளியில் படித்தவருக்குத் தமிழ் எழுத்து தடுமாறும், அவருடைய அம்மாவுக்குத் தமிழ் மட்டும் தெரியும். எதுவும் படிக்கத் தெரியாதவருக்கு ஒப்புதலை வாசித்துக் காட்டி, கைரேகை வாங்கி, உங்கள் குழுவில் இல்லாத ஒருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஆய்வுக்குத் தேர்வாகாத பகுதியில் பத்திருபது பேரிடம் படிவத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

மேல்கையில் சுற்றும், தரச் சோதனையில் தேறிய தானியங்கி மெஷின். மணிக்கட்டு மெஷின் வேண்டாம், கை இருக்கும் உயரத்துக்கேற்ப அளவு மாறும். கையில் சுற்றும் பட்டையில் (கஃப்) நடுத்தரம், பெரியது இரண்டும் வேண்டும். எந்தக் கைச் சுற்றளவுக்கு எது என்று பட்டையிலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 22–32 செ.மீ. நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. பருமனான கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷர் வரும். அளவு நாடா, மாற்று பேட்டரி, கடிகாரம், கையை வைக்க மடித்த துண்டு, பரிந்துரைச் சீட்டு, கைப்பேசியில் நெட் இல்லாமலும் ஓடும் படிவம். அவ்வளவுதான்.

ஒவ்வொரு மெஷினுக்கும் எண் ஒட்டி, படிவத்தில் அந்த எண்ணை எழுதுங்கள். ஒரு மெஷின் கெட்டுப்போனால் எந்தெந்த வீட்டு அளவு சந்தேகம் என்று பிறகு பிரித்தெடுக்க வேறு வழியில்லை.

7. வீட்டுக்குள்: அளப்பதற்கு முந்தைய அரைமணி நேரம்

உள்ளே போனதும் டீ வரும். மறுத்தால் மனம் கோணும், சேர்ந்து குடித்தால் அளவு கோணும். டீ, காபி, பீடி, புகையிலை எதற்கும் அரைமணி நேரம் இடைவெளி வேண்டும். வாசலிலேயே "அளந்து முடிச்சுட்டு சேர்ந்தே குடிக்கலாம்ங்க" என்று சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்தது. வாயில் வெற்றிலை புகையிலை இருக்கிறதா என்றும் பாருங்கள், கேட்டால் "இல்லை" என்று அடக்கிக்கொண்டே சொல்வார்கள்.

வரிசை இப்படி: ஒப்புதல், கேள்விகள், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வது, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்வது, அளப்பது. புதியவர்கள் நேரத்தை மிச்சப்படுத்த அந்த ஐந்து நிமிடத்தில் கேள்வி கேட்கிறார்கள். பேசும்போது அழுத்தம் ஏறும், கடன், குடி பற்றிப் பேசினால் கேட்கவே வேண்டாம். டிவியையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

திண்ணையிலோ கட்டிலிலோ வேண்டாம். சாய்மானம் உள்ள பிளாஸ்டிக் நாற்காலி எந்த வீட்டிலும் இருக்கும். முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் ஊன்றி, ஒன்றன்மேல் ஒன்று போடாமல். முன்கையை ஸ்டூலில் வைத்து, அடியில் மடித்த துண்டு கொடுத்து, பட்டை நெஞ்சின் நடு உயரத்துக்கு வர வேண்டும். கை கீழே தொங்கினால் அளவு கூடும். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே.

இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏற்றாதீர்கள், அது கயிறு போட்டுக் கட்டியதுபோல் ஆகிவிடும். தளர்த்த முடியாவிட்டால் மெல்லிய துணிக்கு மேலேயே சுற்றி, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குப் பெண்கள்தான் அளக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே பக்கத்துக் கை. டயாலிசிஸ் குழாய் பொருத்திய கை, மார்பக அறுவை செய்த பக்கத்துக் கை என்றால் மற்றது.

பட்டை இறுகத் தொடங்கியதும் பாட்டி கேட்பார்: "ஏங்கண்ணு, இது இப்படி இறுக்குது?" மாணவி உடனே பதில் சொல்வாள். இருவரும் பேசிக்கொண்டே ஓர் அளவு பதிவாகும். அதனால் இறுகப் போவதை முன்னமே சொல்லிவிடுங்கள்: "கொஞ்சம் இறுகும் பாட்டி, தானே விட்டுடும், அதுவரைக்கும் பேசாம இருங்க."

மூன்று முறை அளந்து, இடையில் ஓரிரு நிமிடம் விட்டு, மூன்றையும் எழுதுங்கள். முதல் அளவு பதற்றத்தில் கூடி வரும், அதனால் பின்னிரண்டின் சராசரியைத்தான் கணக்கில் எடுப்போம். முதல் அளவு நன்றாக இருக்கிறதே என்று அங்கேயே நிறுத்துவது ஒரு தவறு, மூன்றாவது அதிகமாக வந்தால் நாலாவது எடுப்பது இன்னொரு தவறு.

எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். பக்கத்து வீட்டார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், "அவளுக்கு 170-ஆம்" என்பது மாலைக்குள் தெருக்கோடிக்குப் போய்விடும். அதற்கடுத்த வீடுகளில் கதவு திறக்காது.

8. ஆள் இல்லாத வீட்டுக்குத் திரும்பப் போவது

ஆண்கள் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள், பெண்கள் பலர் நூறு நாள் வேலையில் இருப்பார்கள். பத்து மணிக்குப் போனால் முதியவர்கள் மட்டும்தான். ஒரு வீட்டுக்கு மூன்று முறை, அதில் ஒன்று ஞாயிறு, ஒன்று மாலை என்று முன்கூட்டியே அட்டவணை போடுங்கள். வேலை முடித்து அப்போதுதான் வந்தவரை உடனே அளக்க வேண்டாம், குளித்துவிட்டு வரட்டும்.

குடித்திருந்தால் வேறு நாள்.

9. தினமும் சாயங்காலம் சரிபார்ப்பு

வேலை முடிந்த பிறகு மொத்தமாகப் பார்க்கலாம் என்று விட்டால் திருத்த முடியாது. அன்றன்றே மூன்றைப் பாருங்கள். தானியங்கி மெஷினில் கடைசி இலக்கம் 0 வருவது சுமார் பத்தில் ஒரு முறைதான். ஒருவருடைய தாளில் 120, 130, 140 என்று குவிந்திருந்தால் அவர் மெஷினைப் பார்த்து எழுதவில்லை. மூன்று அளவுக்கும் இடைப்பட்ட நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பட்டை ஒரு தடவைகூடப் பயன்படவில்லை என்றால் கைச் சுற்றளவை யாரும் அளக்கவில்லை.

பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் மறுபடி போக வேண்டும். அங்கே பிரஷர் எண்ணை ஒப்பிடாதீர்கள், அது இயல்பாகவே மாறும். வயது, மாத்திரை, உட்கார்ந்த இடம், எத்தனை முறை அளந்தார்கள் என்பதைக் கேளுங்கள்.

பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்பில் பூட்டி வைத்து, மற்ற எல்லாவற்றிலும் எண் மட்டும் இருக்கட்டும். வாட்ஸப் குழுவில் படிவத்தைப் படம் எடுத்துப் போடும் பழக்கத்தை முதல் நாளே தடை செய்யுங்கள்.

10. கணக்கு: வகுக்கும் எண்ணில் கவனம்

மேல் அளவு 140-ஓ அதற்கு மேலோ, அல்லது கீழ் அளவு 90-ஓ அதற்கு மேலோ, அல்லது மாத்திரையில் இருப்பவர்: இவர்கள் எல்லோரும் உயர் அழுத்தக் கணக்கில் வருவார்கள். மாத்திரையில் இருப்பவர் நார்மல் அளவு காட்டினாலும் விடக் கூடாது.

ஒரு கற்பனைக் கணக்கு. 560 பேரில் 168 பேருக்கு இருக்கிறது. 100 பேருக்குத் தெரியும், 80 பேர் மாத்திரையில், 40 பேருக்குக் கட்டுக்குள். 40-ஐ 80-ஆல் வகுத்தால் 50 விழுக்காடு, 168-ஆல் வகுத்தால் 24 விழுக்காடு. முதலாவது மாத்திரை எடுப்பவர்களுக்கு அது வேலை செய்கிறதா என்று சொல்கிறது, இரண்டாவது ஊரின் நிலையைச் சொல்கிறது. இரண்டையும் போடுங்கள், எதனால் வகுத்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பத்திரிகைச் செய்திக்கு நல்லதாகத் தெரியும் எண்ணை மட்டும் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அது ஏமாற்று வேலை.

ஒரே நாளில் அளந்ததை வைத்து யாரையும் நோயாளி என்று எழுத வேண்டாம். "அளந்த அன்று உயர்ந்திருந்தது" என்பதோடு நிறுத்துங்கள்.

11. முடிவைத் திருப்பிச் சொல்வது

ஒவ்வொருவருக்கும் அளந்த அன்றே சீட்டு: தேதி, சராசரி, அடுத்து எங்கே போக வேண்டும். பெரியவருக்குப் புரியத் தமிழில், டாக்டருக்கு வசதியாக மலையாளத்திலும்.

ஊருக்குச் சொல்ல குடும்பஸ்ரீ அயல்கூட்டம் (கேரளத்துப் பெண்கள் சுயஉதவிக் குழு) நல்ல இடம், பெண்கள் ஏற்கெனவே கூடும் நேரம். ஸ்லைடு எல்லாம் வேண்டாம். ஒரு டீஸ்பூனைத் தட்டையாக நிரப்பி, ஏறத்தாழ 5 கிராம், ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் இவ்வளவுதான் என்று காட்டிவிட்டு, உங்கள் கணக்கெடுப்பில் வந்த அளவைப் பக்கத்தில் குவித்து வையுங்கள். பேச்சு தானாக ஆரம்பிக்கும். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னால் எதுவும் நடக்காது. கஞ்சிக்குத் தனியாகப் போடும் உப்பு, சாப்பாட்டுத் தட்டோரத்து ஊறுகாய், இரண்டில் எதை முதலில் குறைப்பது என்று அவர்களையே முடிவு செய்ய விடுங்கள். சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

"சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா?" என்று யாராவது கேட்பார்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், டெல்மிசார்டன், லோசார்டன் வகை மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் மாறக் கூடாது. கூட்டத்தில் இதைச் சொல்லாமல் அந்த உப்பைச் சிபாரிசு செய்வது ஆபத்து.

ஒரு மாதம் கழித்து, பரிந்துரைத்தவர்களில் யார் போனார்கள் என்று பாருங்கள். போகாதவர்களிடம் காரணம் கேட்டால் ஒரு நாள் கூலி போகும், பஸ் இல்லை, பொள்ளாச்சி டாக்டரிடமே காட்டிக்கொள்கிறேன் என்று வரும். பொள்ளாச்சியில் காட்டுபவரைப் போகாதவர் கணக்கில் சேர்க்காதீர்கள், அங்கே கொடுத்த சீட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்காக மருத்துவ அலுவலரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் கேட்டு, தேதி வாங்கி, ஆஷா பணியாளர் வழியாகச் சொல்லி அனுப்புங்கள். இதையெல்லாம் பெயர்க் கோப்பை அழிப்பதற்கு முன் செய்துவிடுங்கள், அழித்த பிறகு யாரைக் கூப்பிடுவது என்று உங்களிடம் எண் மட்டும்தான் மிஞ்சும்.